இரும்பிற் பொறித்த இலக்கம்

ஒருவரை இன்னார் என்று அறிந்துகொள்வதற்குப் பெயர் உண்டு. பெற்றோர் பெயர் உண்டு. பிறந்த ஊர் உண்டு. இவை யாவும் தவறினும் முகம் என்று ஒன்று உண்டு. ஆனால் ஒரே தொழிற்சாலையில், ஒரே அச்சிலே வார்க்கப்பெற்று, ஒரே நிறம் பூசப்பெற்று, ஆயிரக்கணக்கில் வெளிவரும் மோட்டார் வண்டிகளுக்கு முகம் ஏது? இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்தி, இவற்றுள் எது கந்தையருடையது, எது கணபதிப்பிள்ளையுடையது என்று கேட்டால், அவற்றைச் செய்தவனுக்கே விடை சொல்ல இயலாது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்காக மனிதன் கண்ட வழிதான் இரும்பிலே இலக்கம் பொறிக்கும் வழக்கம்.

சாலையில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இவ்விலக்கத்தின் அருமை தெரிவதில்லை. ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து, அதே வண்டி ஒரு கொட்டகையின் மூலையில், கோழிகள் அடையும் இடமாகத் தூசி படிந்து கிடக்கும்போதுதான் அதன் அருமை விளங்குகிறது. உரிமையாளர் காலமாகிவிட்டார், பதிவுப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது, வெளியே மாட்டியிருந்த இலக்கத் தகடும் காணாமற் போய்விட்டது. பேரன் அவ்வண்டியைத் திருத்தி வீதியில் ஓட்ட விரும்புகிறான். அரசாங்க அலுவலகத்தில் அவனிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, "இஃது எந்த வண்டி?" என்பதே. அந்தக் கேள்விக்கு அவன் விடை சொல்ல முடியாது, வண்டிதான் சொல்லவேண்டும். அஃது எங்ஙனம் சொல்லும் என்பதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கின்றது.

முதன்முதலில் அரசாங்கங்கள் அறிய விரும்பியது வண்டியை அன்று; அதை ஓட்டிச் செல்பவரையே. 1893ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14ஆந் திகதி பாரிஸ் நகரப் பொலிஸ் தலைமை அலுவலகம் ஓர் ஆணை பிறப்பித்தது. மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி இலக்கம் ஆகியவற்றைக் கொண்ட தகட்டினைத் தாங்கியிருத்தல் வேண்டும் என்பதே அவ்வாணை. 1901இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம், உரிமையாளர் தம் பெயரின் முதலெழுத்துகளை வண்டியின் பின்புறத்தே காட்டவேண்டுமென விதித்தது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1903இல் நிறைவேற்றிய மோட்டார் வண்டிச் சட்டம், 1904 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் வண்டிகளைப் பதிவு செய்து இலக்கத் தகடு பூட்டுவதைக் கட்டாயமாக்கிற்று. இலண்டனில் 'ஏ 1' என்னும் இலக்கத்தைப் பெற்றவர், தத்துவஞானி பேட்ரண்ட் ரசலின் தமையனாராகிய ரசல் பிரபு ஆவார்.

இத்தகடுகள் யாவற்றுக்கும் ஒரு பொதுக் குறை இருந்தது. அவை வண்டியின் மேலே பூட்டப்பட்டவை. வண்டியினின்றும் பிறந்தவை அல்ல. இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் ஒரு வண்டியின் பெயர் மற்றொரு வண்டிக்குப் போய்விடும். பெயரை மாற்றிச் சொல்லித் திரிபவனை அறிவதற்குப் பழைய அலுவலகப் பத்திரங்களில் அங்க மச்ச அடையாளம் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது அன்றோ? அதுபோன்ற ஓர் அடையாளம் வண்டிக்கும் வேண்டியதாயிற்று. பிரித்தானியாவில் 1920ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 1921இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவுப் புத்தகம் வழங்கப்பட்டது. அதில் வண்டியின் நிறமும் வகையும் மட்டுமன்றி, எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் எழுதப்பட்டன. பேச்சு வழக்கில் 'செசி நம்பர்' என்று சொல்லப்படுவது இந்த அடிச்சட்ட இலக்கமே. இலக்கத் தகட்டை வண்டியின் பெயர் என்று கொண்டால், அடிச்சட்ட இலக்கம் அதன் உடம்பிலுள்ள மச்சம் எனலாம்.

நிற்க. எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம் என்று இரண்டு இருப்பின் எதனை நம்புவது? இக்கேள்வி எத்துணைச் சிக்கலானது என்பதை அறிய அமெரிக்காவிற்குச் செல்லவேண்டும்.

ஹென்றி போர்ட் 1908இல் அறிமுகம் செய்த 'மொடல் ரி' வண்டி, உலக வரலாற்றையே மாற்றிய வண்டி என்பர். 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசை முறை வந்தபின், முன்னர் பன்னிரண்டரை மணித்தியாலம் பிடித்த அடிச்சட்ட வேலை சிறிது காலத்துள் 93 நிமிடத்தில் முடிந்தது. 1914 முதல் 1925 வரை அவ்வண்டிகளுக்குக் கறுப்பு நிறம் ஒன்றே பூசப்பட்டது. 1927 மே மாதம் 26ஆந் திகதி ஒன்றரைக் கோடியாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. நிறமும் ஒன்று, வடிவமும் ஏறத்தாழ ஒன்று, தொகையோ ஒன்றரைக் கோடி. இவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிய உதவியது எஞ்சினின் இடப்பக்கத்தில், தண்ணீர் உட்செல்லும் குழாய்வாய்க்கு மேலே, சிறிய தட்டையான மேட்டில் அடிக்கப்பட்டிருந்த இலக்கமே. அடிச்சட்டத்தில் நெடுங்காலம் எந்த இலக்கமும் இருக்கவில்லை. 1925இன் பிற்பகுதியில், 1926ஆம் ஆண்டுக்குரிய வண்டிகள் செய்யப்பட்டபோதே எஞ்சின் இலக்கம் அடிச்சட்டத்திலும் அடிக்கப்படலாயிற்று.

எஞ்சின்தானே வண்டியின் உயிர், அதன் இலக்கத்தையே வண்டியின் இலக்கமாகக் கொள்வோம் என்று அமெரிக்க மாநிலங்கள் பல கருதின. உரிமைப் பத்திரத்தில் எஞ்சின் இலக்கத்தையே எழுதின. அக்காலத்தில் வண்டித் திருட்டு மலிந்திருந்தது. ஒரு மாநிலத்தில் திருடிய வண்டியை எல்லை கடத்தி மறு மாநிலத்தில் விற்பதைத் தடுப்பதற்காக 1919இல் அமெரிக்க நடுவண் அரசு தனிச் சட்டமே இயற்றவேண்டியிருந்தது. அவ்வாறான வேளையில் எஞ்சின் இலக்கம் காவலுக்குப் பெருந்துணை புரிந்தது என்பது மெய்யே. ஆயினும் உயிர் என்று கருதப்பட்ட அந்த எஞ்சின், வண்டியின் உறுப்புகளுள் எளிதில் தேய்வதும் எளிதில் மாற்றப்படுவதுமாகும். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடித்தால், கமக்காரன் பக்கத்துத் தோட்டத்துப் பழைய வண்டியின் எஞ்சினைக் கழற்றித் தன் வண்டியிற் பூட்டிக்கொண்டான். வண்டி ஓடியது, பத்திரம் பொய்த்தது.

ஆகவேதான் இன்று ஒரு பழைய 'மொடல் ரி' வண்டியைப் பதிவு செய்ய முயல்வோர் பலர், கையில் மெய்யான பத்திரமும் முன்னால் மெய்யான வண்டியும் இருந்தும், இரண்டும் ஒன்றையொன்று அறியாதனபோல் நிற்கக் காண்கின்றனர். இவ்விடத்தில் ஒரு பெருஞ் சோதனை எழுகின்றது. பத்திரத்தில் ஓர் இலக்கம் உள்ளது. இரும்பில் வேறோர் இலக்கம் உள்ளது. சுத்தியலும் எழுத்தச்சும் கைக்கெட்டிய தூரத்தில் உள்ளன. இரும்பிலுள்ளதை அராவிவிட்டுப் பத்திரத்திலுள்ளதை அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று மனம் சொல்லும். அக்காலத்திற் போர்ட் முகவர்கள், இலக்கமிடப்படாத புதிய எஞ்சின் உடலைப் பூட்டும்போது பழைய இலக்கத்தை அதில் அடித்ததும் உண்டு. ஆனால் அது விற்பனையாளரின் கணக்கோடு நடந்த காரியம். இன்று ஒருவர் தம் கொட்டகையில் அதே காரியத்தைச் செய்வாராயின், அஃது அடையாளத்தை அழித்த குற்றமாகும். கள்வன் செய்யும் வேலைக்கும் இவர் செய்யும் வேலைக்கும் இரும்பைப் பார்த்து வேறுபாடு சொல்ல எவராலும் இயலாது. அலுவலகத்திடம் உண்மையைச் சொல்லி, பத்திரத்தைத் திருத்திப் பெறுவதே நேர்வழி. அது காலம் பிடிக்கும் வழி என்பதும் உண்மையே.

'மொடல் ரி'யை அடுத்து 1927 டிசம்பரில் அறிமுகமான 'மொடல் ஏ' வண்டி, தன் இலக்கத்தை இரண்டு இடங்களில் தாங்கியது. ஒன்று எஞ்சினின் இடப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில். மற்றையது அடிச்சட்டத்தின் இடப்புற இரும்புச் சட்டத்தின் மேல்முகத்தில், வண்டியின் உடற்கூட்டுக்குக் கீழே. இலக்கத்தின் முன்னும் பின்னும் ஒவ்வொரு நட்சத்திரக் குறி இருக்கும். இவ்விரண்டாவது இலக்கத்தைக் காண்பதற்கு உடற்கூட்டின் பிணைப்புகளைத் தளர்த்தி மேலே தூக்கவேண்டும். எத்தனையோ உரிமையாளர்கள் வாழ்நாள் முழுதும் அவ்வண்டியை ஓட்டியும் அந்த இலக்கத்தைக் கண்டதில்லை. எஞ்சின் எத்தனை முறை மாறினாலும், உடற்கூட்டின் நிழலில் மறைந்திருக்கும் அந்த இலக்கம் மாறாது சான்று சொல்லும். பத்திரங்களைப் பானையிலிட்டுப் புதைத்துவைத்த முன்னோரின் செயலுக்கு இதனை ஒப்பிடலாம்.

வண்டியின் வகைக்கேற்ப இலக்கம் இருக்கும் இடமும் மாறும். 1948இல் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பெற்று, 1971 வரை செய்யப்பட்டதும், இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படுவதுமாகிய மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் மூடியைத் திறந்தால், எஞ்சினுக்கும் ஆசனங்களுக்கும் நடுவேயுள்ள தடுப்புச் சுவரில் ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதில் வண்டியின் இலக்கம் உண்டு. வியப்பு யாதெனில், மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டமே இல்லை. உடற்கூடே சட்டமாக நின்று பாரம் தாங்குகின்றது. இருந்தும் அவ்விலக்கத்தை அடிச்சட்ட இலக்கம் என்றே வழங்கினர். பொருள் போனபின்பும் சொல் நிலைத்து நிற்பது மொழியில் மட்டும் நிகழ்வதன்று. ஜேர்மன் நாட்டு வொக்ஸ்வாகன் 'வண்டு' வண்டியிலோ, பின்னாசனத்தைத் தூக்கிப் பார்த்தால், நடுவே செல்லும் முதுகெலும்பு போன்ற இரும்புக் குகையின் மேல் இலக்கம் நேராகவே அடிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் இலக்கம் மின்பிறப்பாக்கியைத் தாங்கும் பீடத்துக்கு அடியில் இருக்கும்.

தகட்டில் எழுதிய இலக்கத்துக்கும் இரும்பில் அடித்த இலக்கத்துக்கும் வேற்றுமை உண்டு. தகடு தறையாணியால் பிணைக்கப்பட்டது. அதனைக் கழற்றி வேறிடத்தில் பொருத்தலாம். ஆதலின் தகட்டை ஆராய்பவர் அதன் எழுத்தை மட்டுமன்றித் தறையாணியையும் நோக்குவர். பழைய தகட்டிலே புதிய ஆணி இருந்தால் ஐயம் எழும். இரும்பில் நேரே அடித்த இலக்கம் அத்துணை எளிதிற் பெயராது. அதிலும் கையால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தவற்றில் ஓர் எழுத்துச் சற்று ஏறியும், மற்றோர் எழுத்துச் சற்றுச் சாய்ந்தும் இருப்பது இயல்பு. அவ்வொழுங்கின்மை பழைமைக்கு ஒரு சான்று. அச்சுக் கோத்தாற்போல அழகாக இருக்கும் இலக்கமே சில வேளைகளில் ஆராய்ச்சியாளனின் புருவத்தை உயர்த்தும்.

இலக்கம் இருக்கும் இடம் தெரிந்தாலும் அதனை வாசிப்பது வேறு கலை. எண்ணெயும் மண்ணும் சேர்ந்து இறுகிய படையும், அதன்மேற் பலமுறை பூசிய பூச்சும், அதன்கீழ்த் துருவும் எழுத்தை மூடியிருக்கும். பதற்றமுள்ளவர்கள் அராவும் கல்லையோ முரட்டு இரும்புத் தூரிகையையோ எடுத்துவிடுவர். எழுத்தின் ஆழம் ஒரு தடித்த கடதாசி அளவே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. அழுக்கோடு எழுத்தும் போய்விடும். பொறுமையுள்ளவர்கள் மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அவ்விடத்தில் இட்டு ஊறவைத்து, மரச்சீவலால் மெல்லச் சுரண்டி, மென்மையான தூரிகையால் துடைப்பர். பின்னர் விளக்கை நேரே பிடியாது பக்கவாட்டிலே சாய்த்துப் பிடிப்பர். சாய்ந்த ஒளியில் பள்ளங்களில் நிழல் விழ, மறைந்திருந்த எழுத்து எழுந்து வரும். அதன்மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலின் பக்கத்தால் தேய்த்தால், எழுத்தின் படி கடதாசியில் பதியும்.

இம்முறையைக் கேட்கும்போது தமிழ் வரலாறு கற்றோருக்குக் கல்வெட்டு ஆராய்ச்சி நினைவுக்கு வருதல் இயல்பே. கோயிற் சுவரிலுள்ள சாசனத்தைப் படியெடுப்போரும் முதலிற் கல்லைக் கழுவித் துடைப்பர். ஈரக் கடதாசியை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து, எழுத்தின் பள்ளங்களில் அது படியச் செய்வர். பின்னர் மை ஒற்றுவர். பள்ளம் வெண்மையாகவும் சுற்றிடம் கருமையாகவும் தோன்றும். 1890இல் முதற் தொகுதி வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளுக்கு மூலமாய் நின்றவை இத்தகைய படிகளே. இருதிறத்தாருக்கும் விதி ஒன்றுதான்: உள்ளதை வாசிக்கவேண்டும், விரும்பியதை வாசிக்கக் கூடாது. தேய்ந்த எட்டு மூன்றுபோலத் தோன்றும். தேய்ந்த ஏழு ஒன்றுபோலத் தோன்றும். கையிலுள்ள பத்திரத்தோடு பொருந்துகிறதே என்பதற்காக மூன்றை எட்டாக்குபவர், அரசன் பெயர் பொருந்துகிறதே என்பதற்காக ஓரெழுத்தைக் கூட்டி வாசிக்கும் ஆராய்ச்சியாளருக்கு ஒப்பாவர்.

கள்வன் அராவி அழித்த இலக்கமும் முற்றாக அழிவதில்லை என்பது அறிவியலாளர் கண்ட உண்மை. எழுத்தச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது, மேலே பள்ளம் விழுவதோடு கீழேயுள்ள உலோகமும் நெரிந்து இறுகுகின்றது. மேற்பரப்பை அராவியபின்பும் அந்த நெரிவு உள்ளே எஞ்சியிருக்கும். மேற்பரப்பை நன்கு மெருகிட்டு, செப்புக் குளோரைட்டும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், நெரிந்த உலோகத்தை அமிலம் வேறுவிதமாக அரிக்க, மறைந்த இலக்கம் மங்கலாகத் தோன்றும். தடயவியலார் ஆய்வுகூடத்திற் செய்யும் வேலை அது, வீட்டில் முயலத்தக்கதன்று. ஆயினும் அடித்த அடி இரும்பின் உள்ளத்தில் பதிந்துவிடுகின்றது என்பது அறிந்திருக்கத்தக்க செய்தியே.

இலக்கம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்கியிருக்கும் இரும்பு ஒன்றைத் தவிர மற்றெல்லா உறுப்புகளும் மாறியிருந்தால், அஃது அதே வண்டியாகுமா? இக்கேள்வி 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தின் முன்னிலையில் வந்தது. வழக்கிற் சிக்கியது 'ஓல்ட் நம்பர் வன்' என்று பெயர்பெற்ற பென்ற்லி வண்டி. பிரான்சு தேசத்தின் லே மான் நகரில் நடைபெறும் இருபத்துநான்கு மணித்தியால ஓட்டப்போட்டியில் 1929இலும் 1930இலும் முதற்பரிசு பெற்றது அவ்வண்டி. முதலாண்டில் வூல்ப் பார்னாட்டோவும் ரிம் பேர்க்கினும், அடுத்த ஆண்டில் பார்னாட்டோவும் கிளென் கிட்ஸ்ரனும் அதனைச் செலுத்தினர். பின்னர் அது பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. எட்டு லீற்றர் கொள்ளளவுள்ள பெரிய எஞ்சின் பூட்டப்பட்டது. 1932இல் புறூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் அவ்வண்டி விபத்துக்குள்ளாகிச் சாரதி கிளைவ் டன்பீ உயிரிழந்தார். அதன்பின் மீண்டும் திருத்தப்பட்டுப் புதிய உடற்கூடு பெற்றது.

இவ்வண்டியை ஒரு நிறுவனத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பவுணுக்கு விற்க அதன் உரிமையாளர் ஒப்பந்தம் செய்தார். பின்னர், இது லே மானில் வென்ற வண்டியே அன்று என்று சொல்லி வாங்குவோர் பின்வாங்கினர். நீதியரசர் ஒற்றன், வண்டியின் ஒவ்வோர் உறுப்பின் வரலாற்றையும் ஆராய்ந்தார். 1929இல் ஓடிய வண்டியினின்று நிச்சயமாகச் சொல்லத்தக்க உறுப்பு ஏறத்தாழ எதுவும் எஞ்சவில்லை. 1930இற்குரியனவாகச் சிலவே எஞ்சின. பெரும்பகுதி 1932இன் வண்டிக்குரியது. ஆயினும் அவர் விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார். முதன்முதற் செய்யப்பட்ட உறுப்புகளோடு அவ்வண்டி இன்று இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஓட்டப்பந்தயத் தொழிற்கூடத்தினின்று 1929இல் வெளிவந்த நாள் தொட்டு அதன் வரலாற்றிலே எங்கும் தொடர்பு அறவில்லை. அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறு வண்டியும் இல்லை. ஆகவே இதுவே 'ஓல்ட் நம்பர் வன்' என்பது அவர் கண்ட முடிபு.

இம்முடிபு தமிழர்க்கு விளங்காத ஒன்றன்று. ஊர்க்கோயில் தேரைப் பாருங்கள். ஓர் ஆண்டு சில்லு மாற்றப்படுகின்றது. மற்றோர் ஆண்டு அச்சு மாற்றப்படுகின்றது. பின்னர் மேற்றட்டு, பின்னர் சிற்பங்கள். பாட்டனார் வடம்பிடித்த தேரின் மரம் ஒன்றேனும் பேரன் வடம்பிடிக்கும் தேரில் இல்லாதிருக்கலாம். என்றாலும் அதனை வேறு தேர் என்று யாரும் சொல்வதில்லை. ஆண்டுதோறும் அதே வீதியில், அதே பெயரோடு, தொடர்ந்து வந்தமையால் அஃது அதே தேர். மாறாக, பழைய தேரின் ஒரு துண்டு மரத்தை எடுத்துச் சென்று வேறோரூரில் புதுத்தேர் செய்து, இதுதான் அந்தத் தேர் என்றால் ஊரார் நகைப்பர். பழைய இலக்கத் தகடு ஒன்றை மட்டும் வாங்கி, அதனைச் சுற்றிப் புதுவண்டி ஒன்றைச் செய்து, பழைய வண்டியென்று பதிவு செய்ய முயல்வோர் செய்வது இதுவே.

இத்தகைய முயற்சிகளைத் தடுப்பதற்கென்றே பிரித்தானியாவில் பல ஆண்டுகள் ஒரு புள்ளிக் கணக்கு நடைமுறையில் இருந்தது. பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட வண்டி தன் பழைய பதிவை வைத்துக்கொள்ள எட்டுப் புள்ளியேனும் பெறவேண்டும். அடிச்சட்டத்துக்கு 5 புள்ளி; தாங்கு விற்களுக்கு 2; சில்லச்சுகளுக்கு 2; கியர்ப்பெட்டிக்கு 2; சுக்கானுக்கு 2; எஞ்சினுக்கோ 1 புள்ளி மட்டுமே. ஒரு காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் எஞ்சினையே வண்டியென்று கொண்டன. பிரித்தானியரின் கணக்கிலோ எஞ்சின் எல்லாவற்றிலும் கடையாயிற்று. அனுபவம் கற்பித்த பாடம் அது.

இரும்பு ஒரு பாதிச் சான்றே. மறுபாதி ஏட்டிலே உள்ளது. பிரித்தானியாவில் தொடக்கத்தில் வண்டிப் பதிவேடுகளை அந்தந்த மாவட்ட மன்றங்கள் வைத்திருந்தன. 1974 முதல் புதிய பதிவுகள் சுவான்சி நகரிலுள்ள நடுவண் அலுவலகத்துக்கு மாறின. பழைய பதிவுப் புத்தகம் வைத்திருப்போர் யாவரும் 1983 நவம்பர் 30ஆந் திகதிக்குள் தம் வண்டிகளைப் புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளவேண்டும் என்று விதிக்கப்பட்டது. கொட்டகைகளிற் கிடந்த வண்டிகள் பல இந்நாளைத் தவறவிட்டன. அவற்றின் பழைய இலக்கத்தை மீட்க விரும்புவோர், அந்தப் பதிவிலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் ஒருங்கே காட்டும் பழைய ஆவணம் ஒன்றைக் கொண்டுவரவேண்டும். அவ்வகை வண்டியை அறிந்த சங்கம் ஒன்று அதற்குச் சான்று கூறவேண்டும். மாவட்ட ஏடுகளுட் பல குப்பையென்று எரிக்கப்பட்டன. சில ஆவணக் காப்பகங்களிற் பிழைத்தன. ஏடு பிழைத்த ஊரின் வண்டி தன் பெயரை மீட்டது. ஏடு எரிந்த ஊரின் வண்டிக்கு வேறு சான்று தேடவேண்டியதாயிற்று. வயதும் அடையாளமும் நிறுவ இயலாத வண்டிகளுக்கு 1983 முதல் 'கியூ' என்னும் எழுத்தில் தொடங்கும் இலக்கம் கொடுக்கப்படுகின்றது. பிறப்பு அறியப்படாதது என்பதற்கு அவ்வெழுத்தே அறிவிப்பாகும்.

அமெரிக்காவிலும் எஞ்சின் இலக்கத்தின் குறை உணரப்பட்டு, 1954 முதல் வண்டிக்கென்றே தனி அடையாள இலக்கம் வழங்கலாயிற்று. அதுவும் நெடுங்காலம் கம்பனிக்கு ஒரு முறையாக இருந்தது. 1977இல் அனைத்துலகத் தர நிறுவனம் ஒரு பொதுமுறையை வகுத்தது. 1981ஆம் ஆண்டு வண்டிகள் தொட்டு அமெரிக்கா பதினேழு எழுத்துகளும் எண்களும் கொண்ட இலக்கத்தைக் கட்டாயமாக்கிற்று. அதில் ஐ, ஓ, கியூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளும் இடம்பெறா. ஒன்றோடும் பூச்சியத்தோடும் மயங்கும் என்பதே காரணம். வட அமெரிக்க வண்டிகளில் ஒன்பதாம் இடத்திலுள்ளது ஒரு காவல் எண். ஏனைய எழுத்துகளையும் எண்களாக்கி, இடத்துக்கு இடம் குறித்த எண்ணாற் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதியே அது. மீதி 10 ஆயின் 'எக்ஸ்' என்று எழுதுவர். ஓரெழுத்தைப் பிழையாக எழுதினாலும் பெரும்பாலும் கணக்கு உடனே காட்டிக்கொடுக்கும். தேய்ந்த மூன்றா எட்டா என்ற மயக்கத்துக்கு மனிதன் கண்ட மருந்து அது. ஆனால் பழைய வண்டிகளுக்கு அம்மருந்து இல்லை. அவற்றின் இலக்கம் குறுகியது. நாலைந்து எண்களே கொண்டதும் உண்டு. பதினேழு கட்டங்கள் உள்ள படிவத்தை நிரப்புவதற்காக அதன் முன்னே பூச்சியங்களை இட்டுக்கொள்ளுதல், இல்லாத ஒரு வண்டியைப் படைப்பதாக முடியும். உள்ளதை உள்ளவாறே எழுதவேண்டும்.

இலங்கையிலும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வண்டிச் சட்டத்தின் கீழ் வண்டிகள் பதிவு செய்யப்படுகின்றன. எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவிலே இடம்பெறுகின்றன. இந்நாட்டில் இவ்விலக்கங்களின் அருமை, பழைய வண்டியைப் பொழுதுபோக்காகப் பேணுவோருக்கு மட்டும் உரியதன்று. 1990களில் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தவை பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளே. இடப்பெயர்வின்போது காணி உறுதியோடும் பிறப்புப் பத்திரத்தோடும் வண்டியின் பதிவுப் புத்தகத்தையும் இழந்த குடும்பங்கள் பல. கடதாசி போனபின்பும், தடுப்புச் சுவரிலும் எஞ்சினிலும் இருந்த இலக்கங்கள் போகவில்லை. இழந்த பத்திரத்தின் பிரதியைப் பெறவும், வண்டி தம்முடையதே என்று நிறுவவும், தொடக்கமாக அமையத்தக்கவை அவையே.

ஆகையால் பழைய வண்டி வைத்திருப்போர் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, பதிவுப் புத்தகம் கையில் இருக்கும்போதே, இரண்டு இலக்கங்களும் எங்கே உள்ளன என்று தேடிக் காணவேண்டும். புத்தகத்திலுள்ளதோடு ஒப்புநோக்கவேண்டும். பென்சிலால் படியெடுத்துத் திகதியிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைக்கவேண்டும். எஞ்சினை மாற்றும் நாளில், பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் வாங்கிய சிட்டையையும் சேர்த்து அலுவலகத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளவேண்டும். அரை நாள் வேலை அது. அதனைச் செய்யாது விட்டவரின் பேரப்பிள்ளைகள், துருவின்மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இது மூன்றா எட்டா என்று பல நாள் தேடவேண்டியிருக்கும்.